இடிந்த பிறகு படம் எடுக்க முடியாது, குட்டீஸ்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூட வந்தது என் அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பையைப் பிடிக்கத்தான் அழைத்துப் போனேன். ஆனால், பை என் தோளில் இருந்தது. அவள் கையில் மொபைல்!

"மாமா, இதைப் பாருங்களேன்" என்று மொபைலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

ஓர் ஆறு. ஆற்றின் குறுக்கே ஒரு நீளமான மர வீடு. வீட்டுக்குள் ஒரு கார் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது.

"இது வீடா, பாலமா?"

"பாலம்தான் மாமா. மேலே கூரை போட்டிருக்காங்க. ஒருத்தர் லீவு விட்டாலே ஊர் ஊராகப் போய், இந்த மாதிரிப் பாலத்தை எல்லாம் தேடித் தேடி வீடியோ எடுக்கிறார். நம்ம ஊர்ல இப்படி எதுவுமே இல்லையா?"

"தம்பி, பேசுறது அப்புறம். பையை விரிங்க" என்றார் காய்க்கார அம்மா.

பையை விரித்தேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். யோசித்ததில் ஒரு கருத்து பிறந்தது. அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பாலத்துக்கு எதற்குக் கூரை?

முதலில் அந்தப் பாலத்தின் கதை. பாலத்துக்குக் கூரை எதற்கு? நடப்பவர்கள் நனையாமல் இருக்கவா? இல்லை! பாலமே நனையாமல் இருக்கத்தான்.

மரத்தால் கட்டிய பாலம் மழையிலும் பனியிலும் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தால் என்ன ஆகும்? பத்துப் பதினைந்து வருடத்தில் உளுத்துப் போகும். அதே பாலத்துக்குக் கூரையும் பக்கச் சுவரும் போட்டுவிட்டால், நூறு வருடம் தாண்டியும் நிற்கும். அமெரிக்கா, கனடா, சுவிட்சர்லாந்து, சீனா, வியட்நாம் என்று பல நாடுகளில் இப்படிப்பட்ட பாலங்கள் உண்டு. கனடாவில் ஹார்ட்லேண்ட் என்ற ஊரில் இருப்பதுதான் உலகிலேயே நீளமான கூரைப் பாலம். 1901-ல் திறந்தார்கள். நீளம் 391 மீட்டர். நம் பள்ளி மைதானத்தின் நூறு மீட்டர் ஓட்டப் பாதையை நான்கு தடவை வரிசையாக வைத்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு!

இந்தப் பாலங்களைத் தேடிப் போவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நாம் தபால் தலை சேர்ப்பது போல அவர்கள் பாலம் சேர்க்கிறார்கள். பாலத்தை வீட்டுக்குத் தூக்கி வர முடியாதே! அதனால் படமாக, வீடியோவாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் எண் கொடுத்து, புத்தகமாகவே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

"வேலை இல்லாதவங்க" என்று சிரிக்கத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிளென்ஹைம் பாலம் என்று ஒன்று இருந்தது. 1855-ல் கட்டிய மரப் பாலம். 156 வருடம் அசையாமல் நின்றது. 2011 ஆகஸ்டில் ஒரு புயல் மழை. ஆற்றில் வெள்ளம் வந்தது. ஒரே நாளில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது!

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்தில் இன்னொரு கூரைப் பாலம். அறுநூறு வருடத்துக்கும் மேல் பழையது. கூரைக்குக் கீழே வரிசையாகப் பழைய ஓவியங்கள். 1993 ஆகஸ்டில் ஒரே இரவில் தீப்பிடித்து, பாலத்தின் பெரும் பகுதியும் பெரும்பாலான ஓவியங்களும் எரிந்து போயின.

இரண்டையும் மறுபடி கட்டிவிட்டார்கள். லூசெர்ன் பாலத்தை அடுத்த ஆண்டே திறந்தார்கள். பிளென்ஹைம் பாலத்தை 2018-ல் திறந்தார்கள். பழையது போலவே எப்படிக் கட்ட முடிந்தது? பழையது எப்படி இருந்தது என்று யாரோ வரைந்தும், படம் எடுத்தும், அளந்தும் வைத்திருந்தார்கள் அல்லவா? அதனால்தான்! "வேலை இல்லாதவர்கள்" செய்த வேலை எவ்வளவு பெரிய வேலை பார்த்தீர்களா?

நம் ஊரில் என்ன இருக்கிறது?

புதுச்சேரியில் கூரைப் பாலம் இல்லை. ஆனால், இடிந்து போன பாலம் உண்டு!

கடற்கரைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் நீண்டு போகும் பழைய துறைமுகப் பாலம். அதற்கும் முன்னால், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஓர் இரும்புப் பாலம் இருந்தது. அதை 1952-ல் வந்த புயல் கொண்டுபோனது. அதன் பிறகு கட்டிய பாலம்தான் நாமெல்லாம் பார்த்து வளர்ந்த பாலம். அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச் 6-ஆம் தேதி கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்தது.

அன்றைக்கு எனக்கு ஒரு வருத்தம் வந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ மாலை நேரங்களில் கரையில் உட்கார்ந்து, சுண்டல் தின்றுகொண்டே அந்தப் பாலத்தைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தேடிப் பார்த்தேன். அந்தப் பாலத்தை நானே எடுத்த ஒரு படம்கூட என்னிடம் இல்லை! "எங்கே போய்விடப் போகிறது?" என்று நினைத்திருந்தேன். போய்விட்டது.

அதே கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நகராட்சி மன்றக் கட்டடம். 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்றது. 2014 நவம்பர் 29-ஆம் தேதி, பெருமழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பழைய தோற்றம் மாறாமல் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இதிலும் அதே பாடம்தான். பழைய தோற்றம் பதிவாகி இருந்தால்தானே பழையபடி கட்ட முடியும்?

ராமேஸ்வரம் போனவர்களுக்குப் பாம்பன் பாலம் தெரியும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் போவது நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தில் ரயில் போகும் சத்தத்தை இனி நீங்கள் நேரில் கேட்கவே முடியாது. யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் மட்டும்தான் உண்டு.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் நிறையப் பேருக்கு வீடியோ எடுக்கப் பிடிக்கும். நல்லது. எடுங்கள். ஆனால், உங்கள் ஊரில் பழையதாக என்ன இருக்கிறதோ, அதை எடுங்கள். அது நிற்கும்போதே எடுங்கள்!

முந்நூறு வருடத்துக்கு முன் பிறந்த ஒருவர்

பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு பக்கம் நேரு வீதி. இன்னொரு பக்கம் ரங்கப்பிள்ளை வீதி. யார் இந்த ரங்கப்பிள்ளை?

ஆனந்தரங்கப்பிள்ளை 1709-ல் பிறந்தவர். வணிகர். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைநிலை அதிகாரியாகவும் இருந்தார். அவரிடம் ஒரு பழக்கம். 1736-லிருந்து, இருபத்தைந்து வருடம், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை, யார் யாரோடு சண்டை போட்டார், எப்போது புயல் அடித்தது... எல்லாவற்றையும் எழுதினார்.

1761 ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் கோட்டையையும் நகரத்தின் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். கல் போனது. கோட்டை போனது. ஆனால், ஒரு மனிதர் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது! அந்தக் காலத்துப் புதுச்சேரியில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, உலகம் முழுக்க உள்ள ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

அவர் கையில் எழுதுகோல் இருந்தது. உங்கள் கையில் மொபைல் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மார்க்கெட்டே ஒரு கூரைப் பாலம்தான்!

பெரிய மார்க்கெட்டுக்கு அரசாங்கப் பெயர் குபேர் அங்காடி. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் அழைக்கிறார்கள். ஆனால், ஆட்டோக்காரரிடம் "குபேர் அங்காடி" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி யோசிப்பார். "பெரிய மார்க்கெட்" என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார்!

உள்ளே போனால் தனி உலகம். நடுவே மணிக்கூண்டு. ஒரு பக்கம் பூக்கடைகள். மல்லிகையும் கனகாம்பரமும் குவியல் குவியலாக. ஒரு பக்கம் காய், பழம். இன்னொரு பக்கம் மீன். அங்கே மீன்கார அம்மாக்களின் குரல்தான் ராஜ்ஜியம். கருவாடு, வெற்றிலை, மளிகை, பாத்திரம் என்று சந்துக்குச் சந்து மணமும் சத்தமும் மாறும். கூரை இடைவெளியில் விழும் வெயில் கோடு கோடாகத் தரையைத் தொடும்.

என் அக்கா மகள் அன்றைக்கு ஒன்று சொன்னாள். "மாமா, மழை பெய்தால் நேரு வீதியில் நுழைஞ்சு, உள்ளே நடந்து, ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வெளியே வந்துடலாம். நமக்கு இதுதான் கூரைப் பாலம்!"

எனக்கு அது சரி என்றே பட்டது.

இந்த மார்க்கெட் இப்படியே இருக்குமா? சொல்ல முடியாது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பேச்சு வந்தது. கடைக்காரர்களில் பலர் எதிர்த்தார்கள். "கடையைக் காலி செய்தால், கட்டி முடிக்கும்வரை நாங்கள் எங்கே போவது?" என்பது அவர்கள் கவலை. "பழமையான இடம், பழுது பார்த்தால் போதும்" என்கிறார்கள் சிலர். "மழை பெய்தால் சேறு, கழிவுநீர் சரியாகப் போவதில்லை, நல்ல கட்டடம் வேண்டும்" என்கிறார்கள் வேறு சிலர்.

பழையது என்பதற்காக மட்டுமே எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். விடிகாலையில் வந்து, நாள் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்து மீன் விற்கும் ஓர் அம்மாவுக்கு நல்ல தரையும் நல்ல கூரையும் கிடைக்கத்தான் வேண்டும். அதைப் பெரியவர்கள் பேசி முடிவு செய்யட்டும். ஆனால், எந்த முடிவு வந்தாலும், இன்றைக்கு இருக்கிற மார்க்கெட் நாளைக்கு இப்படியே இருக்காது. அதைப் பதிவு செய்ய இன்றைக்குத்தான் முடியும்.

"வீடியோ எடுத்தால் இடிப்பது நின்றுவிடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நிற்காது. வீடியோவுக்குக் கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி கிடையாது. ஆனால், என்ன இருந்தது என்று தெரிந்தால்தான், என்ன போனது என்று கேட்க முடியும். புதிதாகக் கட்டுகிறவரிடம், "இந்த இடத்தில் இருபது பூக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு இடம் எங்கே?" என்று கேட்க ஓர் ஆதாரம் வேண்டும் அல்லவா?

எப்படி எடுக்கலாம்?

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா? சில விஷயங்களை மறக்காதீர்கள்.

* தொடங்கும்போதே தேதி, நேரம், இடம் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அதுதான் முக்கியம்.

* மொபைலைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஓர் இடத்தைக் காட்டினால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை அசைக்காதீர்கள். சட்டுச் சட்டென்று திருப்பினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்!

* பின்னணிப் பாட்டு வேண்டாம். தராசுச் சத்தம், கூவி விற்கும் குரல், கூடை இறக்கும் சத்தம், இவைதான் அந்த இடத்தின் பாட்டு.

* உங்கள் முகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது தூண், ஓடு, படிக்கட்டு, மனிதர்கள்.

* யாரை எடுத்தாலும் முதலில் கேளுங்கள். "அம்மா, ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் பிழைப்பு நடத்துகிற இடம் அது. நமக்கு நடிக்க வரவில்லை.

* காலையில் கூட்ட நேரத்தில் வழியை மறித்து நிற்காதீர்கள். மூட்டை சுமந்து வருகிறவருக்கு முதல் மரியாதை.

* இடிந்த பாலத்தின் மேலே, அடியிலே, கைப்பிடிச் சுவரிலே ஏறவே கூடாது. தடுப்பு வைத்த இடத்தைத் தாண்டவும் கூடாது. வீடியோ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கை கால் ஒன்றுதான்! வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

* மூன்று கேள்விகள் கேளுங்கள். "எத்தனை வருடமாக இங்கே கடை வைத்திருக்கிறீர்கள்? அப்போது இந்த இடம் எப்படி இருந்தது? எது மாறக்கூடாது என்று நினைக்கிறீர்கள்?" கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

* எடுத்ததை இரண்டு இடத்தில் சேமியுங்கள். மொபைல் தண்ணீரில் விழுந்தால் மார்க்கெட்டும் சேர்ந்து மூழ்கிவிடும்!

* அடுத்த வருடம் அதே மாதம், அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊர் வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

மார்க்கெட் முடிந்ததா? அடுத்து, நகரின் நடுவே போகும் பெரிய வாய்க்கால். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதியையும் தமிழர்கள் வாழ்ந்த பகுதியையும் பிரித்த கோடு அது. கடற்கரைக்குப் போகும் வீதிகள் அதைத் தாண்டித்தான் போகின்றன. எத்தனை இடத்தில் தாண்டுகின்றன? நடந்து போய் எண்ணுங்கள். அந்த வெளிநாட்டுப் பாலப் பிரியர்கள் போல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். தினமும் சைக்கிளில் தாண்டிப் போகிறோம். பாலம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை!

வேறு ஊர்க் குட்டீஸ்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். உங்கள் ஊரில் வாரச்சந்தை இருக்கும். சுமைதாங்கிக் கல் இருக்கும். ஆற்றுப் பாலம், பழைய சத்திரம், படித்துறை, உங்கள் பள்ளியின் ஓட்டுக் கட்டடம், ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எப்பப் பார்த்தாலும் மொபைலா?" என்று திட்டுகிறோம். திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், பிடுங்கி வைப்பது ஒரு வழி என்றால், அதற்கு ஒரு நல்ல வேலை கொடுப்பது இன்னொரு வழி. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு பழைய இடம், கூடவே நீங்கள். முயற்சி செய்து பாருங்களேன்.

ஆயா சொன்ன கதை

கடைசியாக, அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் நேரு வீதி வாசலிலிருந்து ரங்கப்பிள்ளை வீதி வாசல்வரை நடந்து ஒரு வீடியோ எடுத்தாள். பதினோரு நிமிடம். நடுவில் நான் கத்தரிக்காய் பேரம் பேசுவதும் பதிவாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காதது ஒருவர்தான். என் அம்மா. அவருக்கு முழங்கால் வலி. மார்க்கெட் பக்கம் போய் நான்கு வருடம் ஆகிறது. மொபைலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று தடவை பார்த்தார். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கண்ணு, அந்தத் தூண் தெரியுதா? எங்க அம்மா கூட வரும்போது அதைப் பிடிச்சிக்கிட்டுதான் நிப்பேன். கையை விட்டா தொலைஞ்சு போயிடுவேனாம். அங்கேதான் வெத்தலை வாங்குவாங்க..."

"அப்புறம் ஆயா?" என்றாள் அக்கா மகள்.

ஆயா சொல்லத் தொடங்கினார். நாற்பது வருடமாக மகனாக இருக்கிறேன். அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அக்கா மகள் சத்தம் போடாமல் மொபைலைத் திருப்பி, ஆயாவை எடுக்கத் தொடங்கினாள். தொடங்கும்முன் தேதி சொல்ல மறக்கவில்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள், குட்டீஸ்?